வாசகர் கேள்வி: பிடுங்கிய தண்டவாளம் திரும்பி வந்த ஊர்

கேள்வி: எங்கள் யாழ்தேவி ரயில் 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்பியது போல, வேறு நாட்டில் எங்கேயாவது போன தண்டவாளம் திரும்பி வந்திருக்கிறதா?
வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: வந்திருக்கிறது. அமெரிக்காவின் தெற்கே நியூ ஓர்லியன்சில். நமக்குப் போர் பிடுங்கியது, அவர்களுக்கு பஸ். கனால் வீதி ட்ராமை, ஊர்ச்சனம் எதிர்த்தும் கேளாமல் 1964இல் நிறுத்திவிட்டு பஸ் விட்டார்கள், அப்புறம் நாற்பது வருடம் கழித்து 2004இல் புதிதாகத் தண்டவாளம் போட்டு ட்ராமையே திரும்ப ஓடவிட்டார்கள். சென்ட் சார்ள்ஸ் பாதையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அது 1835இல் தொடங்கி, 1893இல் மின்சாரத்துக்கு மாறி, இன்றும் 1920களின் பச்சைப் பெட்டிகளோடு ஓடுகிறது. அழகான பெட்டிகள்தான், ஆனால் 1958 வரை கறுப்பின மக்கள் அவற்றில் ஒரு தடுப்புப் பலகைக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும், அதைச் சொல்லாமல் அந்த அழகைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2005இல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் கனால் வீதியின் புதுச் சிவப்புப் பெட்டிகள் மூழ்கிப் பழுதாகின. தப்பியவை பழைய பச்சைப் பெட்டிகள்தான். சிவப்புப் பெட்டிகளைத் திருத்தும் வரை கனால் வீதியில் சனத்தை ஏற்றிப் போனதும் அவைதான்.