பனடோல் போட்டால் போகிற நோவு இல்லை

கேள்வி: எனக்கு 34 வயது. கணவரின் அடி தாங்காமல் மகளோடு வெளியேறி, எட்டு மாதமாக வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருக்கிறேன். இப்போது அடி இல்லை, ஏச்சு இல்லை. ஆனாலும் பக்கத்து ஃபிளட்டில் கதவு அடித்துச் சாத்தினால் உடம்பு நடுங்குகிறது. நித்திரை வருவதில்லை. இடது காது இரைகிறது, சரியாகக் கேட்பதும் இல்லை. சில நேரம் அவரை நினைத்து அழுகிறேன். "அதுதான் வந்துவிட்டாயே, இனி என்ன?" என்கிறார் அம்மா. போன கிழமை கணவர் மகளின் பள்ளி வாசலில் வந்து நின்றார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?
வாசகி, கொழும்பு 6

பதில்: பைத்தியம் இல்லை, தங்கச்சி. முதலில் காதைப் பார்ப்போம்.

கன்னத்தில் விழுகிற அறை செவிப்பறையைக் கிழித்துவிடலாம். அநேகமானவை சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் சத்திரசிகிச்சை செய்யலாம். எட்டு மாதமாகியும் கேட்கவில்லை என்றால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். அரச வைத்தியசாலை கிளினிக்கில் காசு கட்டத் தேவையில்லை. அதுவரை காதுக்குள் எண்ணெய் விடவேண்டாம். (பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வீட்டில் யாராவது நிற்பார்கள், எனக்குத் தெரியும்.) முழுகும்போது தண்ணீரும் போகக்கூடாது.

வைத்தியரிடம் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் பெண்கள் பலர் அதைத்தான் சொல்கிறார்கள், அவரும் விழுந்த காயத்துக்குத்தான் மருந்து எழுதுவார். தலையில் அடிபட்டதா, கணவர் கழுத்தை நெரித்தாரா என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மறதி, தலையிடி, வெளிச்சம் கூசுவது எல்லாம் தலையில் பட்ட அடியாலும் வரும். வைத்தியரிடம் வாய் திறப்பது கஷ்டமென்றால், பல அரச வைத்தியசாலைகளில் 'மிதுரு பியச' என்ற நட்பு நிலையம் இருக்கிறது. வீட்டில் அடிபட்டு வருகிறவர்களுக்கென்றே வைத்தது.

அப்புறம் அந்த நடுக்கம். படியில் கேட்கும் சப்பாத்துச் சத்தத்தை வைத்தே அன்றிரவு எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டுப் பழகிய உடம்பு உங்களுடையது. எட்டு மாதத்தில் அந்தப் பழக்கம் விடாது. கதவுச் சத்தம் கேட்டால் இரண்டு பாதத்தையும் நிலத்தில் ஊன்றி, மூச்சை இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். "இது அக்கா வீடு, பக்கத்து வீட்டுக் கதவு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கொஞ்சம் அடங்கும். ஆனால் நித்திரையே இல்லாமல் மாதக்கணக்காகப் போவதை இந்த மூச்சுப் பயிற்சி தீர்க்காது. அதற்கு மனநல வைத்தியரோ உளவள ஆலோசகரோ வேண்டும். நல்ல சிகிச்சைகள் உண்டு. ஃபார்மசியில் நீங்களாக நித்திரைக் குளிசை வாங்காதீர்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

கணவரை நினைத்து அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை வாங்கித் தந்தவரும் அவர்தானே. அழுங்கள். அழுகை வந்த கையோடு அவருக்குக் கோல் மட்டும் எடுக்காதீர்கள்.

அம்மாவோடு வாதாடி மினக்கெட வேண்டாம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: கிளினிக் நாளில் பிள்ளையைப் பள்ளியால் கூட்டி வரட்டும்.

பள்ளி வாசல் விஷயத்தைச் சும்மா விடாதீர்கள். பள்ளி அதிபருக்கு இன்றே சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், 12 மாதம் வரைக்கும் தருவார்கள். அதற்கு விவாகரத்து வழக்கு போட்டிருக்க வேண்டும் என்றில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938ஐ அழையுங்கள். கொழும்பில் 'விமன் இன் நீட்' அமைப்பும் சட்ட உதவி செய்கிறது. பொலிஸுக்குப் போகும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதி நீட்டினால், முழுவதையும் தமிழில் சொல்லிக் கேட்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.