வாசகர் கேள்வி – பதில்: பரிசிலும் பாட்டும்

கேள்வி: எங்கள் ஊரில் இருபத்தைந்து பேர் கூடி நடத்தும் சேர்ந்திசைக் குழு, ஆலயங்களிலும் பொது விழாக்களிலும் பாடி வருகின்றது. வெளிநாட்டு உறவுகளின் அன்பளிப்பும் சேர்ந்து கையில் ஓரளவு பணம் உள்ளது. ஆண்டுதோறும் இளம் பாடகர் இருவருக்குப் புலமைப்பரிசில் வழங்க விரும்புகின்றோம். போட்டி வைத்துத் தெரிவுசெய்து, ஆண்டுவிழா மேடையில் தொகையை ஒரேயடியாகக் கையளிப்பது சரியா?
– வாசகி, பெரியகல்லாறு

பதில்: உங்கள் கடிதம் மனத்தை நிறைத்தது. ஆயினும் போட்டி, ஒரேயடித் தொகை ஆகிய இரண்டையும் கைவிடுமாறு கேட்டுக்கொள்கின்றேன். புலமைப்பரிசில் என்றதும் நம் பெற்றோரின் நினைவில் ஐந்தாம் தரப் பரீட்சையும் அதன் வெட்டுப்புள்ளியும் வந்து நிற்கின்றன. ஒரு காலைப் பொழுதில் வெற்றி தோல்வி தீர்ந்துவிடும் காரியமாகவே அச்சொல்லைக் கேட்கப் பழகிவிட்டோம். குரலின் வளர்ச்சி ஒரு காலைப் பொழுதில் தெரிவதன்று.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு பாட்டுப் போட்டியில் முதலிடம் கிடைத்தது. கேடயத்தோடு ஓர் உறையில் பணமும் தந்தார்கள். அந்தப் பணம் அம்மாதமே அரிசிக்கும் மருந்துக்கும் போயிற்று. அதில் எவரையும் குறைசொல்ல இயலாது. அடுத்த ஆண்டில் வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போய்வரப் பஸ் காசு இல்லாமற்போக, வகுப்பும் நின்றது. கேடயம் இன்றும் அலுமாரியில் இருக்கின்றது. நான் மறுபடி முறையாகப் பாடக் கற்றது பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

ஆகவே தொகையைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்து, வகுப்புக் கட்டணத்தை ஆசிரியரிடம் நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். பஸ் காசு, சுருதிப்பெட்டி, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கான கட்டணம் ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகளைச் சற்றுக் கூடுதலாகவே நினைத்துப்பாருங்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் வாவியைக் கடப்பது எளிதாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் மாலை ஆறு மணிக்கு முடியும் வகுப்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை தனியாக ஊர் திரும்புவது எப்படி என்ற கேள்விக்குப் பாலம் மட்டும் விடையாகாது. துணைக்கு வரும் தாயின் பயணச் செலவும் அந்தப் பிள்ளையின் கல்விச் செலவே.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகளுக்கே முதலிடம் கொடுங்கள். உயர்தரத்தில் சங்கீதம் கற்று, கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் வரை போய்விட்ட மாணவருக்கு மகாபொல என்னும் அரச உதவித்தொகை போன்ற உதவியைப் பெறும் வாய்ப்பாவது உண்டு. அந்த வாசலை எட்டுவதற்கு முன்னரே பாட்டை விட்டுவிடும் பிள்ளைகளுக்குத்தான் யாரும் இல்லை.

தெரிவுக்கு, விரும்பிய பிள்ளைகள் அனைவரையும் மூன்று மாதங்கள் உங்கள் ஒத்திகையில் உட்கார வையுங்கள். சுருதியை விட்டு விலகியதும் தானாக உணர்ந்து திரும்புகின்றதா, பக்கத்தில் பாடுபவரின் குரலைக் கேட்கின்றதா, சென்ற வாரம் திருத்திய சங்கதி (ஓர் அடியை மெருகேற்றிப் பாடும் விதம்) இந்த வாரம் நிற்கின்றதா என்பவற்றைக் கவனித்தால், எந்தப் பிள்ளை என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

பணத்தைவிடப் பெரிய உதவி மேடைதான். உங்கள் நிகழ்ச்சி ஒவ்வொன்றிலும் பத்து நிமிடங்களை அந்தப் பிள்ளைக்கென்று ஒதுக்குங்கள். முதலில் ஒரு விருத்தம் போதும். ஓர் ஆண்டு கழித்து முழுக் கீர்த்தனை. பின்னால் குழுவினர் இருபத்தைந்து பேரும் நிற்கும்போது கால் நடுங்குவது குறையும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கின் காலம் வரும்; ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா நடைபெறும். நம் மண்ணில் பாட்டுக்குக் கேட்போர் ஒருபோதும் குறைந்ததில்லை. ஆனால் குளிர்த்தியும் கண்ணகி வழக்குரை காவியமும் சடங்கோடு பிணைந்தவை. அவற்றைப் பாடும் உரிமை மரபாக வருவது. அங்கே நம் பிள்ளைகள் முதலில் கேட்பவர்களாக அமர்ந்து, அந்தப் பெரியவர்களின் நீண்ட மூச்சையும் சொல் தெளிவையும் காதில் வாங்கிக்கொள்ளட்டும்.

பரிசில் என்பது பாணருக்கும் பொருநருக்கும் உரிய பழஞ்சொல். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்படும் ஏழைப் பாணனுக்கு வள்ளலின் ஊரைக் காட்டி அனுப்பியதையே ஆற்றுப்படைகள் பாடுகின்றன. பாணரின் யாழைத் தேடித் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, 1947 இல் யாழ் நூலை அரங்கேற்றிய விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு உங்களுக்கு அயலூர்தானே. உங்களிடம் பரிசில் பெறும் பிள்ளை, இரண்டாம் ஆண்டில் இன்னொரு பிள்ளையை ஒத்திகைக்கு அழைத்து வரவேண்டும் என்ற ஒன்றை மட்டும் நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உதவி பெறும் பிள்ளை ஐந்து ஆண்டுகள் எங்கள் குழுவிலேயே பாடவேண்டும் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கலாமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: வேண்டாம். கையெழுத்து வாங்கி நிறுத்திய குரலில் பாட்டு இராது.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. ஒரு குழுவின் உதவியில் இரண்டு ஆண்டுகளாகச் சங்கீதம் கற்கின்றான். அண்மையில் குரல் உடைந்து, மேல் ஸ்தாயியில் பிசிறுகின்றது. "பாட முடியாதவனுக்கு எதற்கு உதவி" என்று குழுவில் சிலர் பேசுகின்றார்களாம். நான் என்ன செய்வது?
– தாய் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: அம்மா, கவலைப்படாதீர்கள். இந்த வயதில் குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிப்பதனால் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகின்றது. நேற்று வரை ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடியவன் இன்று அதே சுருதியில் முயன்றால் தொண்டை புண்படும். ஆசிரியரிடம் சொல்லிச் சுருதியை இறக்கி, வசதியாக எட்டும் சுரங்களுக்குள் மட்டும் மெதுவாகச் சாதகம் செய்யட்டும். உரத்துப் பாடுவதைச் சில மாதங்கள் தவிர்க்கட்டும். அந்த இடைவெளியில் தாளம், சுரம் எழுதுதல், மிருதங்கம் அல்லது வயலின் எதுவாயினும் கற்கலாம். ஒத்திகைக்குப் போவதை மட்டும் நிறுத்தவேண்டாம்; தாளம் போட்டுக்கொண்டு அங்கே இருக்கட்டும். குழுவினருக்கும் ஒன்று சொல்கின்றேன்: நம் ஊர்களில் ஆண்பிள்ளைகள் பாட்டை விட்டுப்போகும் வயது இதுவே. உதவியை நிறுத்துவதற்கு இதைவிடக் கொடிய தருணம் வேறில்லை.

கேள்வி: ஆண்களும் பெண்களும் ஒரே சுருதியில் பாடும்போது எங்கள் குழுவில் யாராவது ஒரு சாரார் சிரமப்படுகின்றனர். இளம் பாடகிகளின் குரல் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகின்றோம்.
– வாசகர், செங்கலடி

பதில்: அச்சம் நியாயமானது. பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டியும், ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையை ஒட்டியும் பாடுவர். நடுவே மூன்று கட்டையை வைத்தால் ஆண்களுக்கு மேலுள்ள தாரஸ்தாயியும் பெண்களுக்குக் கீழுள்ள மந்திரஸ்தாயியும் கடினமாகும். ஆதலால் சேர்ந்து பாடுவதற்கு மத்திய ஸ்தாயிக்குள் அடங்கும் பாடல்களையே எடுங்கள். பெரிய வீச்சுள்ள பாடல் என்றால், மேலேறும் அடிகளைப் பெண்களும் தாழும் அடிகளை ஆண்களும் மாறி மாறிப் பாடலாம். 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த திருச்சபையினர் தம் வழிபாட்டில் பாடும் முறையையும் ஒருநாள் சென்று கேளுங்கள். நால்வகைக் குரலும் தத்தமக்கு வசதியான உயரத்தில் தனித்தனி வரியைப் பாடி ஒன்றாக இணையும் அந்த ஒழுங்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. தனிப்பாட்டு வேளையில் மட்டும் சுருதிப்பெட்டியை அந்தப் பிள்ளையின் கட்டைக்கு மாற்றிவிடுங்கள்; அதற்கு அரை நிமிடம் போதும்.