வைடூரியத்தில் பூனை எங்கே?

கேள்வி: வைடூரியம் என்ற சொல்லுக்குப் 'பூனையின் கண்' என்பதுதான் பொருளா? அது கிரேக்கத்திலிருந்து நமக்கு வந்த சொல் என்று என் நண்பர் சாதிக்கிறாரே?

பதில்: இரண்டுமே தவறு. பூனைக்கண் என்பது கல்லின் தோற்றத்தைப் பார்த்து இட்ட வேறொரு பெயர். மேற்புறம் குவிந்து வழவழப்பாகத் தீட்டிய கல்லை ஒற்றை விளக்கின்கீழ் பிடித்து மெல்லத் திருப்பினால், வெள்ளிக் கோடு ஒன்று குறுக்கே நகர்ந்து வரும்; உள்ளே இணையாகக் கிடக்கும் ஊசி போன்ற நுண்ணிழைகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாகும் கோடு அது. வைடூரியம் என்ற சொல்லிலோ பூனையும் இல்லை, கண்ணும் இல்லை.

அது இடப்பெயரடியாகப் பிறந்த சொல். விதூரம் என்ற இடப்பெயரிலிருந்து அது வந்ததாகச் சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி விதி வகுத்தார். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அவருக்குப் பேருரை எழுதிய பதஞ்சலி, அந்தக் கல் வாலவாய மலையில் அல்லவா கிடைக்கிறது, விதூரத்தில் அதைப் பண்படுத்த மட்டுந்தானே செய்கிறார்கள் என்ற மறுப்பை எடுத்துக்கொண்டு, வணிகர்கள் வாரணாசியை 'ஜித்வரீ' என்று வழங்குவதுபோல இலக்கணிகள் வாலவாயத்தை விதூரம் என்று வழங்கியிருக்கலாம் என ஒரு சமாதானமும் சொல்கிறார். கல் விளையும் இடம் வேறு, அது பெயர் பெறும் இடம் வேறு என்பதை அன்றே கவனித்த அந்தக் கூர்மையை எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன். பாலியில் இச்சொல் 'வேளுரிய' என்று நிற்கிறது. அதன் வேர் வேளூர் போன்ற ஒரு திராவிட ஊர்ப்பெயராக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

உங்கள் நண்பர் பயணத்தின் திசையை மாற்றிவிட்டார். பிராகிருத வடிவமே மேற்கே போய்க் கிரேக்கத்தில் 'பெரில்லோஸ்' ஆயிற்று. அப்பெயர் பெற்ற பெரில் என்னும் மணிக்கற்கள் இந்தியாவில் விளைகின்றன, பிற இடங்களில் அரிதாகவே கிடைக்கின்றன என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி எழுதினார். ஈரோடு மாவட்டத்தில் உள்ள நம் கொடுமணல் அகழாய்விலும் பெரில் கற்கள் கிடைத்துள்ளன. மூக்குக்கண்ணாடிக்கு ஜெர்மானியர் சொல்லும் 'பிரில்லெ' என்ற பெயரும் அந்தப் 'பெரில்லோஸ்' வழி வந்ததே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிரேக்கர் அப்பெயரால் அறிந்த பெரில், சிலிக்கான் கலந்த கனிமம். இன்று வைடூரியம் என்று விற்கப்படும் பூனைக்கண்ணோ கிரைசோபெரில் என்ற வேறொரு கனிமம், அதில் சிலிக்கானே கிடையாது. ஆகவே, பழைய நூல்களில் வைடூரியம் வரும் இடத்திலெல்லாம் பூனைக்கண் என்று கண்ணை மூடிக்கொண்டு உரை எழுதுவது பொருந்தாது.