புகைக்கு அடியில் என்ன இருக்கிறது?

வணக்கம்,

கறுப்பு பியர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விரும்பிப் படிக்கிறவன் நான். சமீபத்தில் இரண்டு புகை பியர்களைக் குடித்துப் பார்த்தேன். முதலாவது, ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ஷ்லெங்கர்லா மதுவடிப்பு நிலையத்தின் ஓக் மரப்புகை டாப்பெல்பாக் (கனமான, மால்ட் தூக்கலான ஜெர்மன் பியர் வகை), 8% ஆல்கஹால். மூடியைத் திறந்ததுமே புகையில் வாட்டிய பன்றி இறைச்சி வாசனை. இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை, கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டேன். இரண்டாவது, 10% இம்பீரியல் ஸ்டவுட், கடுமையான கறுப்பு பியர். புகை மால்ட், அதாவது புகையில் காய்ந்த முளைதானியம், சேர்த்தது என்று லேபிளில் போட்டிருந்தது. கூட இருந்தவர்கள் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். எனக்கோ வாய் முழுக்கச் சாம்பல்.

புகை எவ்வளவு தூக்கலோ அவ்வளவு நல்ல பியர் என்கிறார் ஒரு நண்பர். அது சரியா? அல்லது என் நாக்கில்தான் கோளாறா? இந்த வகை பியரை எப்படிக் குடித்துப் பார்த்து மதிப்பிடுவது?

அன்புடன்,
எஸ்.கே.

*

அன்புள்ள எஸ்.கே.,

உங்கள் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டாவது பியரைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் நம்புகிறேன். முதலாவதை மட்டும் கொஞ்சம் சீக்கிரமே கைவிட்டுவிட்டீர்கள்.

நண்பர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. புகையைக் கூட்டுவது பெரிய வித்தையே இல்லை. புகை மால்ட்டை இன்னும் ஒரு மூட்டை கொட்டினால் கூடிவிடும். புகைக்கு அடியில் ஒரு முழுமையான பியர் இருக்கிறதா, புகையை மனதால் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது நிற்குமா என்பதுதான் நான் எப்போதும் கேட்கிற கேள்வி. ஆல்கஹாலும் கறுப்பும் கூடக்கூட இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது கடினமாகும். ஏன் என்று சொல்கிறேன்.

புகை எங்கிருந்து வருகிறது? முளைகட்டிய பார்லி ஈரமாக இருக்கும்போது அதைத் துளையுள்ள தளத்தில் பரப்பி, கீழே விறகை எரித்துக் காய வைக்கிறார்கள். புகை தானியத்தின் ஊடே ஏறிப் போகும்போது அதன் ஈரத்தோலில் படிந்துவிடுகிறது. மரத்திலுள்ள லிக்னின் வெப்பத்தில் உடைந்து உண்டாகும் பீனால்கள்தான் நமக்குப் புகையாகத் தெரிபவை. குவாயகால், சிரிங்கால் இரண்டும் அவற்றில் முக்கியமானவை. 17ஆம் நூற்றாண்டு வரை விறகுத் தீயில் காய்ந்த மால்ட் சாதாரணமான விஷயம். பிறகு கோக் என்ற புகையில்லாத சுட்ட நிலக்கரியை எரித்தும், புகை படாமல் வெறும் சூட்டில் காய வைத்தும் மால்ட் செய்யக் கற்றுக்கொண்டபோது உலகம் புகையைக் கைவிட்டது. ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் என்ற பாம்பெர்க்கின் இரண்டு மதுவடிப்பு நிலையங்கள் விடவில்லை. இன்றைக்கும் தங்களுக்கு வேண்டிய புகை மால்ட்டைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இப்படிக் காய்ந்த மால்ட் கறுப்பாக இருக்காது, வெளிர் நிறம்தான். போலந்தின் ‘க்ரோஜிஸ்கியே’ என்ற பியர் முழுக்க ஓக் புகையில் காய்ந்த கோதுமை மால்ட்டில் செய்வது. வைக்கோல் நிறம், ஆல்கஹாலும் 3% பக்கம்தான். ஆக, கறுப்பு பியரில் கறுப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. 200 டிகிரி செல்சியஸுக்கும் மேலே வறுத்த மால்ட்டிலிருந்து. 1817இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் மால்ட் வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் இன்று நாம் அறிந்த கன்னங்கறுப்பு போர்ட்டரும் ஸ்டவுட்டும் வந்தன.

சிக்கல் என்னவென்றால், அந்த வறுபட்ட மால்ட்டும் குவாயகாலைத் தரும். காப்பிக்கொட்டையை வறுக்கும்போது எழுகிற புகைச்சாயல் வாசனையில் இருப்பதும் அதே பொருள்தான். அதனால் ஒரு துளி புகை மால்ட் சேர்க்காத ஸ்டவுட்கூட மூக்குக்குப் புகையாகத் தெரியலாம். வறுத்த மால்ட்டும் புகை மால்ட்டும் அளவில்லாமல் ஒன்றாகச் சேர்ந்தால், வறுவலின் கசப்பும் புகையின் காரமும் ஒரே இடத்தில், தொண்டையின் பின்பக்கத்தில் போய்க் குவியும். 10% ஆல்கஹாலின் எரிச்சலும் அங்கேயேதான் உட்காரும். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கிடைப்பது நீங்கள் சொன்ன சாம்பல். உங்கள் நண்பர்கள் அதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் அதை அளவு தப்பிய பியர் என்றே சொல்வேன். பியர் போட்டி நடுவர்கள் பயன்படுத்தும் பிஜேசிபி வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது: கரிந்த, ரப்பர் போன்ற, மருந்து போன்ற, கடுங்கசப்பான புகை பொருத்தமில்லாதது.

எந்த மரம் என்பதும் முக்கியம். பீச் மரப்புகை புகையில் வாட்டிய இறைச்சியை நினைவுபடுத்தும். ஆனால் முரட்டுத்தனம் இல்லாதது, மொத்த மால்ட்டும் அதுவாகவே இருந்தாலும் பியர் தாங்கும். நீங்கள் குடித்த ஓக் அதைவிடவும் மென்மையானது. அலாஸ்காவில் 1988 முதல் செய்துவரும் அலாஸ்கன் ஸ்மோக்ட் போர்ட்டருக்கு ஆல்டர் மரம், அங்கே சால்மன் மீனைப் புகையிடும் அதே மரம். பீட் வேறு ஜாதி. அது மரமே இல்லை, மக்கிய சதுப்பு மண். அதன் புகையில் கிரெசால்கள் உண்டு, வாசனை டிங்சரையும் தாரையும் நோக்கிப் போகும். விஸ்கியில் நான் அதை ரசிப்பேன். பியரில் கொஞ்சம் கூடினாலும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். லேபிளில் பீட் என்று பார்த்தால் என் எதிர்பார்ப்பு உடனே இறங்கிவிடுகிறது, அதை ஒளிக்க விரும்பவில்லை.

சரி, எப்படிக் குடித்துப் பார்ப்பது?

முதலில் சூடு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாதீர்கள். குளிர்ச்சியில் மால்ட்டின் இனிப்பு அமுங்கி, புகையும் கசப்பும் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். வெளியே எடுத்து வைத்து, 10 முதல் 13 டிகிரி வரை வரவிட்டு ஊற்றுங்கள். வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் நல்லது. அதில் 100 மில்லி போதும். 330 மில்லி பாட்டிலில் 10% என்றால் ஏறக்குறைய 26 கிராம் ஆல்கஹால், சாதாரண 5% பியரைப் போல இரண்டு மடங்கு. ஒரு பாட்டிலை மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டால் மதிப்பிடும் புத்தியும் தெளிவாக இருக்கும். பல பியர்களை ஒரே அமர்வில் பார்ப்பதாக இருந்தால் புகை கடைசியில்தான் வரவேண்டும். அதற்குப் பிறகு வேறெதுவும் ருசிக்காது.

அப்புறம் பொறுமை. மூக்கு எந்தப் புதிய வாசனைக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும். புகை பியரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். நீங்கள் கைவிட்ட அந்த டாப்பெல்பாக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் வாயில் இறைச்சிப் புகை தவிர ஒன்றும் தெரியாது. இரண்டாவதும் அப்படித்தான், நீங்கள் அங்கேதான் நிறுத்தினீர்கள். நாலைந்து வாய் போன பிறகு, கிளாஸும் கைச்சூட்டில் கொஞ்சம் ஏறிய பிறகு, புகை பின்னால் நகர ஆரம்பிக்கும். அதுவரை மறைந்திருந்த ரொட்டியின் மேல்தோல் வாசனை, காய்ந்த அத்திப்பழம், லேசான கேரமல் எல்லாம் ஒன்றொன்றாக மேலே வரும். இனிப்பு கூடுவதாகத் தோன்றும். உண்மையில் இனிப்பு கூடவில்லை, அதை மறைத்துக்கொண்டிருந்தது விலகியிருக்கிறது. இரண்டாம் மூன்றாம் கிளாஸில்தான் இந்த பியர் பிடிபடும் என்று பாம்பெர்க்கில் சொல்வதற்கு இதுதான் காரணம். எனவே என் குறிப்பேட்டில் முதல் வாயைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதுவேன். தீர்ப்பை கிளாஸின் கடைசிக் கால்பங்குக்கு விட்டுவிடுவேன்.

கடைசிக் கால்பங்கில் எதைத் தேடுவது? நல்ல பியர் என்றால் அங்கே மால்ட் வளமாக இருக்கும், புகை அதன் ஓரத்தில் இருக்கும். விழுங்கியபின் வாயில் தங்குவது இனிப்பும் மெல்லிய புகையும். மோசமானதில் நேரம் போகப்போகக் கசப்பு ஏறும், நாக்கின் பின்பக்கம் உலரும், தண்ணீர் குடித்தாலும் சாம்பல் போகாது. குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் அரைமணி நேரம் வைத்து முகர்ந்து பாருங்கள். ஆல்கஹாலும் நுரையும் போன பிறகு புகையின் உண்மையான தரம் அதில் தெரியும். காய்ந்த விறகு வாசனை வந்தால் நல்லது. நனைந்த கரி வாசனை வந்தால் உங்கள் சந்தேகம் சரிதான்.

புகை மாதிரியே தோன்றுகிற பழுதுகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்திரி வாசனை அடித்தால் அது பெரும்பாலும் குளோரோபீனால். தண்ணீரிலோ சுத்தம் செய்யும் கரைசலிலோ இருந்த குளோரின் பீனாலோடு சேர்ந்து உண்டாவது, நூறு கோடியில் ஓரிரு பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். கிராம்பு வாசனை வந்தால் அது ஈஸ்ட்டின் வேலை. கோதுமை பியரில் அது அழகு, புகை ஸ்டவுட்டில் பெரும்பாலும் அந்நிய ஈஸ்ட் புகுந்ததன் அடையாளம். இரண்டையும் புகையின் கணக்கில் எழுதிப் பாராட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மார்க் போடுவதென்றால் பிஜேசிபி முறையில் 50க்கு: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. நான் இதில் ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். புகை பியருக்குப் பக்கத்தில், அதே வகையில் புகை இல்லாத ஒன்றையும் ஊற்றி வைத்துக்கொள்வேன். டாப்பெல்பாக்குக்குச் சாதாரண டாப்பெல்பாக், ஸ்டவுட்டுக்குச் சாதாரண ஸ்டவுட். மாறிமாறி ஒரு வாய் குடித்தால் எது வறுவல், எது புகை, எது வெறும் ஆல்கஹால் என்று தானாகப் பிரிந்துவிடும். எத்தனை கட்டுரை படித்தாலும் இந்தத் தெளிவு வராது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கனமான பியர்கள் குளிர்ந்த இருட்டில் சில வருடம் தாங்கும். புகையின் முனை மழுங்கி, உலர்பழச் சாயல் கூடும். அலாஸ்கன் போர்ட்டரின் லேபிளில் வருடம் போடுவது அதனால்தான். ஆனால் புதிதாக இருக்கும்போதே சாம்பலாக இருக்கும் ஸ்டவுட்டை வருடக்கணக்கில் வைத்தாலும் சாம்பல் போய்விடாது. அதற்காக அலமாரியில் இடம் ஒதுக்காதீர்கள்.

உங்களுக்கு என் யோசனை இது. நேராக 8 சதவீதத்தில் போய் மோதாமல் ஷ்லெங்கர்லாவின் மெர்ட்சன் என்ற புகை பியரில் ஆரம்பியுங்கள். 5.1%தான், புகை நன்றாகவே இருக்கும், ஆல்கஹால் குறுக்கே வராது. அடுத்து 6.5% ஊர்பாக். அதன்பின் பழைய டாப்பெல்பாக்குக்குத் திரும்புங்கள், இந்த முறை கிளாஸைக் காலி செய்யுங்கள். அந்த இம்பீரியல் ஸ்டவுட்டையும் வேறொரு தேதியில் தயாரான பாட்டில் கிடைத்தால் சாதாரண ஸ்டவுட் ஒன்றோடு வைத்து இன்னொரு தடவை பாருங்கள். அதிலும் சாம்பல்தான் என்றால் நண்பர்கள் என்ன சொன்னாலும் மார்க்கைக் குறைத்தே போடுங்கள். என்ன கண்டீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.