சீனியர் கிளம்பும் முன் ஃப்ரீசரைத் திறங்கள்

கேள்வி: நான் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாமாண்டு பிஎச்.டி. மாணவி. பாக்டீரியாவில் ஒரு நொதியை உற்பத்திசெய்து பிரித்தெடுப்பது எங்கள் ஆய்வகத்தின் முக்கிய வேலை. அதில் கைதேர்ந்த சீனியர் அக்கா வைவா முடிந்து இரண்டு மாதத்தில் கிளம்புகிறார். அவர் செய்தால் வரும் புரதம், நான் செய்தால் வருவதில்லை. “எல்லாம்தான் தீசிஸில் இருக்கிறதே” என்கிறார் கைடு. மின்னணு நோட்புக் சாஃப்ட்வேர் வாங்கினால் கவலையே இல்லை என்கிறார் ஒரு ஏஜென்ட். என்ன செய்வது?

பதில்: சாஃப்ட்வேர் இப்போது வேண்டாம். இருக்கும் இரண்டு மாதத்தை முதலில் ஃப்ரீசருக்கும், அடுத்து அக்காவின் கைப்பழக்கத்துக்கும் கொடுங்கள். கணினி கடைசியில்.

தீசிஸில் எல்லாம் இருக்காது. “செல்கள் சோனிகேஷன் மூலம் உடைக்கப்பட்டன”, அதாவது ஒலியலையால் உடைக்கப்பட்டன, என்று ஒரு வரிதான் இருக்கும். எத்தனை நொடி அடித்து எத்தனை நொடி நிறுத்துவது, ஐஸை எப்போது மாற்றுவது, நுரை கட்டாமல் இருக்க முனையை எவ்வளவு ஆழத்தில் வைப்பது, பால்போலக் கலங்கியிருக்கும் கரைசல் எந்த அளவு தெளிந்ததும் நிறுத்துவது என்பதெல்லாம் அக்காவின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. 1970-களில் பிரிட்டன் ஆய்வகங்கள் டி.இ.ஏ. லேசர் என்ற ஒருவகை வாயு லேசரை உருவாக்க முயன்றதை ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். கட்டுரையை மட்டும் படித்து அதை இயக்கியவர் ஒருவர்கூட இல்லை. ஏற்கெனவே இயக்கியவர்களோடு நேரடித் தொடர்பு இருந்தவர்களுக்கே அது கைகூடியது. உங்கள் கைடிடம் இதைச் சொல்லுங்கள்.

அக்காவிடம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். பழகிப்போனது அவருக்கே தெரியாது. அவர் செய்ய நீங்கள் ஒருமுறை பாருங்கள். அடுத்தமுறை நீங்கள் செய்யுங்கள், அவர் பக்கத்தில் நிற்கட்டும். “ஐயோ, நிறுத்து” என்று அவர் கைநீட்டும் இடங்களை அப்போதே நோட்டில் எழுதுங்கள். பிறகு அந்தக் குறிப்பை இன்னொரு மாணவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவருக்கும் புரதம் வந்தால் குறிப்பு தேறிவிட்டது.

இனி ஃப்ரீசர். மைனஸ் 80 டிகிரியில் இருக்கும் குப்பிகளில் “கே7 நியூ”, “கே7 லேட்டஸ்ட்” என்று எழுதியிருக்கும். எத்தனால் பட்டால் மார்க்கர் மை அழியும், சாதாரண டேப் உரிந்து விழும். அக்காவை உட்காரவைத்து ஒவ்வொரு பெட்டியாக எடுங்கள்: என்ன செல், எந்த பிளாஸ்மிட் (நொதியின் மரபணுவைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.), எந்த ஆன்டிபயாடிக், என்ன தேதி, எந்த நோட்டில் எந்தப் பக்கம். நிறையப் பெட்டி என்றால் ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் உலர்பனி மேல் வைத்து. மண்ணிலிருந்து நீங்களே பிரித்தெடுத்த பாக்டீரியா ஏதாவது இருந்தால் நுண்ணுயிர்களைச் சேமித்துவைக்கும் சண்டிகர் எம்.டி.சி.சி.யிலோ புனே என்.சி.ஐ.எம்.-மிலோ ஒரு பிரதி ஒப்படைக்கலாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் சிக்கலே இதுவாக இருக்கலாம். கிளிசராலில் உறையவைத்த செல் ஆண்டுக்கணக்கில் இருக்கும் என்பது பொதுவிதி. புரதம் உற்பத்திசெய்யும் பி.எல்.21 என்ற ஈ.கோலை வகைச் செல்லுக்கு, அதுவும் பிளாஸ்மிட் உள்ளே இருக்கும்போது, இதை நம்பாதீர்கள். புரத உற்பத்தியை நாம் தூண்டுவதற்கு முன்பே அது கொஞ்சம் கொஞ்சமாகப் புரதத்தைக் கசியவிடும். அந்தச் சுமையைத் தாங்காமல் உற்பத்தியைக் கைவிட்ட செல்கள் வேகமாக வளர்ந்து மற்றவற்றை முந்திவிடும். தட்டில் காலனி நன்றாகவே வரும், ஆன்டிபயாடிக்கையும் தாங்கும், புரதம் மட்டும் வராது. ஆகவே பிளாஸ்மிடைச் சேமித்துவைக்கப் பயன்படும் டி.எச்.5 ஆல்ஃபா செல்லிலும் தனி டி.என்.ஏ.வாகவும் வைத்துக்கொண்டு, ஒவ்வொருமுறையும் பி.எல்.21-க்குள் புதிதாகச் செலுத்துங்கள். அக்காவிடம் கேட்டுப்பாருங்கள், சொல்லாமலே அப்படித்தான் செய்துகொண்டிருப்பார்.

அந்த ஏஜென்டிடம் ஒரே கேள்வி: “சந்தாவை நிறுத்தினால் எங்கள் பதிவுகளை முழுதாக வெளியே எடுக்கலாமா? எழுத்தில் தருவீர்களா?” மழுப்பினால் அனுப்பிவிடுங்கள். பக்கம் எண்ணிட்ட, தைத்த நோட்டே போதும். இன்னொரு ஆபத்து, கருவியைச் சரிசெய்ய வரும் சர்வீஸ் ஆள். எச்.பி.எல்.சி. என்ற, கலவையைப் பிரித்து அளக்கும் கருவியோடு இருக்கும் பழைய கணினியை ‘ஃபார்மட் பண்ணிட்டேன் சார்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஐந்து வருடச் சோதனைப் பதிவுகள் அதோடு போகும். அவர் கைவைக்கும் முன் எல்லாவற்றையும் எந்தக் கணினியிலும் திறக்கும் சி.எஸ்.வி. கோப்பாக மாற்றி இரண்டு இடத்தில் வையுங்கள். தீசிஸ் டைப்பிங் சென்டர்களிடம் மூலத் தரவுள்ள பென்டிரைவைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்கள் அட்டவணை ஊர்பேர் தெரியாத ஒருவருடைய தீசிஸில் ஏறிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.

அக்காவின் சொந்த ஜிமெயிலில் இருக்கும் கோப்புகளை ஆய்வகத்துக்கென்று ஒரு கணக்கு தொடங்கி அதற்கு மாற்றுங்கள். இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம்.

இதெல்லாம் முதலாமாண்டு மாணவி தலையில் விழுவது அநியாயம். நிரந்தர டெக்னீஷியன் ஒருவர் பார்க்கவேண்டிய வேலை இது. அந்தப் பணியிடங்களை நிரப்பாமல், புராஜெக்ட் பணம் தீர்ந்ததும் வேலை தெரிந்தவரை வீட்டுக்கு அனுப்புகிறோம். தீசிஸை ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்ற விதி இருக்கிறது. கிளம்பும் முன் பாக்கி எதுவும் இல்லை என்று வாங்கும் நோ-டியூ படிவத்தில் நூலகமும் விடுதியும் கையெழுத்திடுகின்றன. ஃப்ரீசர் பெட்டி யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று கேட்க ஒரு வரிகூட இல்லை. உங்கள் கைடு மனதுவைத்தால் அந்த வரியைத் தன் ஆய்வகத்துக்காவது சேர்க்கலாம். அக்காவின் நோட்டுகளில் மூலம் ஆய்வகத்தில் இருக்கட்டும், ஸ்கேன் பிரதி அவரிடம் போகட்டும். படிவத்தில் கையெழுத்திடும் முன் இரண்டையும் சரிபாருங்கள்.