வெளியிலிருந்து ஏன் திறக்கவில்லை?

கேள்வி: ஃபிளாஸ்கில் (பைத்தானில் வலைச்செயலி எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிய செயலி என் மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியில் திறந்தால் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வருகிறது.

பதில்: கைப்பேசியில் எந்த முகவரியை அடித்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. 127.0.0.1 என்றால் கைப்பேசி தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த எண் எந்தக் கருவியில் அடித்தாலும் அந்தக் கருவியையே குறிக்கும். மடிக்கணினிக்கு ரவுட்டர் கொடுத்திருக்கும் முகவரிதான் தேவை. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கணினிக்குள் எந்தச் செயலிக்கு என்று சொல்லும் போர்ட் எண்ணையும் விடாதீர்கள்: 192.168.1.7:5000 என்பது போல.

அப்படி அடித்தும் மறுப்பு வந்தால் செயலியைப் பாருங்கள். ஃபிளாஸ்க் தானாக 127.0.0.1-இல் மட்டுமே காத்திருக்கும். அடுத்த கருவியிலிருந்து வருவது அதன் காதில் விழாது. ஓட்டும்போது ஹோஸ்ட் என்ற இடத்தில் 0.0.0.0 என்று கொடுங்கள். கணினிக்கு இருக்கும் எல்லா முகவரிகளிலும் வருவதை ஏற்றுக்கொள் என்பது அதன் பொருள். அது செயலிக்குச் சொல்வது. அதையே கைப்பேசியில் அடித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு.

கேள்வி: 0.0.0.0 கொடுத்துவிட்டேன். இப்போது மறுப்பு வருவதில்லை. வெகுநேரம் சுற்றிவிட்டு, நேரம் முடிந்தது என்கிறது.

பதில்: இந்த வேறுபாட்டைக் கவனித்தீர்களே, பாதி வேலை முடிந்தது. மறுப்பு வந்தால், கோரிக்கை கணினி வரை போயிருக்கிறது, அந்த போர்ட்டில் ஆள் இல்லை என்று பொதுவாகக் கொள்ளலாம். பதிலே வராவிட்டால் நடுவில் ஏதோ ஒன்று விழுங்குகிறது. முதல் சந்தேகம், கணினிக்கு வருவதை வடிகட்டும் ஃபயர்வால் மீது.

விண்டோஸில் பைத்தானை முதன்முதலாக ஓட்டும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். அவசரத்தில் அதை ரத்து செய்திருந்தால், பைத்தானைத் தடுக்கும் விதி ஒன்று சத்தமில்லாமல் பதிந்திருக்கும். பிறகு நீங்கள் அனுமதி விதி எழுதினாலும், தடைவிதிதான் வெல்லும். ஃபயர்வால் அமைப்பில் உள்வரும் விதிகளின் பட்டியலைத் திறந்து, பைத்தான் பெயரில் உள்ள தடையை நீக்குங்கள். வீட்டு வைஃபை 'பொது' வகையில் இருந்தால் 'தனிப்பட்ட' வகைக்கு மாற்றுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடச் சொல்லும் நண்பருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நகருங்கள்.

விடுதி, அலுவலக விருந்தினர் வைஃபை என்றால் இதெல்லாம் வீண். அங்கே ஒரு கருவி இன்னொன்றோடு பேசாதபடி ரவுட்டரிலேயே தடுத்திருப்பார்கள். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஜாங்கோவில் (இன்னொரு பைத்தான் கட்டமைப்பு) பக்கத்துக்குப் பதிலாக 400 பிழை வருகிறது.

பதில்: கோரிக்கை வந்து சேர்ந்துவிட்டது, ஜாங்கோதான் திருப்பி அனுப்புகிறது. அமைப்புக் கோப்பில் 'அலவ்டு ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் உங்கள் முகவரியைச் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டால் எல்லாமே திறந்துவிடும், சோம்பேறி வழி.

கேள்வி: வாடிக்கையாளர் வெளியூரில் இருக்கிறார். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை என் கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்தும் அவருக்குத் திறக்கவில்லை.

பதில்: ரவுட்டரின் நிலைப் பக்கத்தில், இணையத்தை நோக்கிய பக்கத்துக்கு (WAN) உள்ள முகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை. இணைய நிறுவனம் ஒரே கதவு எண்ணில் பல குடித்தனங்களை வைத்திருக்கிறது. 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் இவை. உங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தாலும், அதற்கு மேலே உள்ள கதவு மூடியே இருக்கும்.

சுரங்கச் சேவைகளே வழி: என்கிராக், கிளவுட்ஃபிளேர் டனல் போன்றவை. உங்கள் கணினியிலிருந்து வெளிநோக்கி ஓர் இணைப்பு போகிறது; வாடிக்கையாளரின் கோரிக்கை அதே இணைப்பின் வழியே திரும்பி வருகிறது. ரவுட்டரைத் தொடவே வேண்டாம். பொது முகவரி உள்ளவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். காட்டி முடித்ததும் சுரங்க நிரலை நிறுத்தினால் வழி மூடிவிடும். ரவுட்டரில் திறந்த போர்ட்டை மூட எவருக்கும் நினைவிருப்பதில்லை.

ஆனால் முகவரியை அனுப்பும் முன் ஃபிளாஸ்கின் டீபக் (பிழைதேடும்) நிலையை அணைத்துவிடுங்கள். பிழை வரும்போது அது காட்டும் பக்கத்திலேயே பைத்தான் கட்டளைகளை ஓட்ட முடியும். அதற்கு ரகசிய பின் (PIN) எண் கேட்கும்தான். அதை நம்பி உங்கள் கணினியைத் தெருவில் வைக்காதீர்கள். உங்கள் சொந்தக் கருவிகளுக்கு மட்டும் தேவையென்றால் அவற்றைத் தனி வலையாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் போதும், உலகத்துக்குத் திறக்க வேண்டியதில்லை.

கேள்வி: கைப்பேசியில் பக்கம் திறக்கிறது, கேமரா மட்டும் வேலை செய்யவில்லை.

பதில்: கேமரா, இருப்பிடம் போன்றவற்றை உலாவிகள் எச்டிடிபிஎஸ் பக்கங்களுக்கே தருகின்றன. லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது கருவி தன்னையே குறிக்கும் 127.0.0.1-க்கு, மட்டும் விலக்கு உண்டு. அதனால்தான் மடிக்கணினியில் வேலை செய்தது. மேலே சொன்ன சுரங்கச் சேவைகள் எச்டிடிபிஎஸ் முகவரியே தரும். அதைக் கைப்பேசியில் திறங்கள்.