கலயத்துச் சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டாம்

கன்னியாகுமரி மாவட்டத்து அருங்காட்சியகங்களில் காணும் பொருட்களைப் பற்றியும், அங்கே கொடுப்பதற்கு வாசகர்கள் தம் வீட்டில் வைத்திருக்கும் பொருட்களைப் பற்றியும் வந்த கேள்விகள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் பாட்டா பனையேறியவர். அவருடைய அரிவாள்பெட்டி, கடிப்பு, முருக்குத்தடி, நாலைந்து மண்கலயங்கள் எல்லாம் மச்சில் கிடக்கின்றன. இவற்றை அருங்காட்சியகத்தில் ஏற்றுக்கொள்வார்களா? கழுவி, மரச் சாமான்களுக்கு வார்னிஷ் அடித்துக் கொடுக்கலாமா?
– வாசகர், கருங்கல்

பதில்: வார்னிஷ் வேண்டவே வேண்டாம், கழுவவும் வேண்டாம். உலர்ந்த, மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, கலயம் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பது சுண்ணாம்பு. பாளையிலிருந்து சொட்டும் நீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருப்பதற்காகப் பனையேறிகள் கலயத்தினுள் அதைத் தடவினார்கள். அப்படி இறக்கியதுதான் நாம் குடித்த அக்கானி என்னும் பதநீர், அதைக் காய்ச்சி எடுத்ததுதான் கருப்பட்டி. அந்தப் படிவைச் சுரண்டிவிட்டால், உங்கள் பாட்டா எதற்காக அந்தக் கலயத்தோடு தினமும் பனையேறினார் என்பதைச் சொல்லும் ஒரே தடயமும் போய்விடும். பனையில் சாய்த்துக் கால் வைத்து ஏறும் முருக்குத்தடியில் கால் பட்டுத் தேய்ந்த இடமும், பாளையை இடுக்கி நசுக்கும் கடிப்பில் கைப்பிடி வழவழத்த இடமும் அப்படிப்பட்டவையே. வார்னிஷ் அவற்றையெல்லாம் மூடிவிடும்.

ஏற்றுக்கொள்வது காப்பாட்சியரின் முடிவு. கன்னியாகுமரியில் காந்தி மண்டபச் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் படங்களோடு கடிதம் எழுதுங்கள். அதற்கு முன்னால், ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் வீட்டில் வழங்கிய பெயர், எந்த ஊர்ப் பனைகளில் ஏறினார், எந்த ஆண்டு வரை ஏறினார் என்பவற்றைப் பென்சிலால் அட்டையில் எழுதி, பருத்தி நூலால் பொருளோடு கட்டிவையுங்கள், பசைநாடா ஒட்டாதீர்கள். ஓரிடத்தில் கடிப்பைப் பாக்குவெட்டி என்று எழுதிக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். கொடுத்தவர் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது. அலகுப்பனை என்னும் ஆண்பனையின் பாளைக்கும் பருவப்பனை என்னும் பெண்பனையின் பாளைக்கும் ஒரே கடிப்பு ஒத்துவராது என்பதால், எது எதற்கு என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஓர் ஓலை நகலின் கீழே 'கொ.ஆ. 925' என்று இருந்தது. அவ்வளவு பழமையானதா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: அது கிறிஸ்து ஆண்டு அன்று, கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூரில் வழங்கிய அந்தக் கணக்கு கி.பி. 825ஆம் ஆண்டு ஆவணியில் தொடங்குகிறது. ஆகவே ஆவணி முதல் மார்கழி நடு வரையிலான தேதியாயின் 824ஐயும், அதற்குப் பின் ஆடி முடியும் வரையிலான தேதியாயின் 825ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்த திருப்படித்தானம் கொல்லம் 925 தை மாதம் 5ஆம் நாள் நடந்தது. 825ஐக் கூட்டினால் 1750 ஜனவரி வருகிறது. மூல ஓலையிலோ கல்வெட்டிலோ இந்த எண் ௯௱௨௰௫ என்று இருக்கும்: ஒன்பது, நூறு, இரண்டு, பத்து, ஐந்து. இடையிலுள்ள நூறு, பத்துக் குறிகளை எழுத்தென்று எண்ணிக் குழம்புபவர்கள் பலர்.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தும் கேரளத்தின் பொறுப்பில் இருப்பது ஏன்?
– வாசகர், தக்கலை

பதில்: 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து நம் மாவட்டம் உருவானபோது, திருவிதாங்கூர் அரசர்களின் பழைய தலைநகரிலிருந்த இந்த அரண்மனை மட்டும் கேரள அரசிடமே விடப்பட்டது. இன்றும் அம்மாநிலத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, வெள்ளிக்கிழமை கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வரிசை வரிசையாகச் சிறு குழிகள் கொண்ட மரப்பலகை ஒன்றை ஒரு காட்சிப் பேழையில் கண்டேன். குழிகள் பல்லாங்குழிக்கு மிகவும் சிறியவையாக இருந்தன. அது என்ன?
– இல்லத்தரசி, மார்த்தாண்டம்

பதில்: நீங்கள் கண்டது சக்கரப் பலகை. திருவிதாங்கூர்ச் சக்கரம் என்பது விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய வெள்ளிக் காசு; அதை ஒவ்வொன்றாக எண்ணுவதென்றால் கணக்கருக்குப் பொழுது போதாது. ஆகவே காசுகளைப் பலகையில் அள்ளிக் கொட்டி மெல்ல அசைப்பார்கள். ஒரு குழிக்கு ஒரு காசு என்று உட்கார்ந்துகொள்ளும். மிஞ்சியதை வழித்துவிட்டால், பலகையில் எத்தனை குழியோ அத்தனை சக்கரம். 16 காசு 1 சக்கரம், 4 சக்கரம் 1 பணம், 7 பணம் 1 திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். எல்லை கடந்து வியாபாரம் செய்தவர்களுக்கு அந்த அரைச் சக்கரம் எவ்வளவு தலைவலியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 'கையில சக்கரம் இல்ல' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இந்தக் காசை வைத்துத்தான்.

கேள்வி: வர்ம ஏடுகள் என்று முன்னோர் சொல்லிவைத்த 2 சுவடிக்கட்டுகள் எங்களிடம் உள்ளன. ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜையன்று சந்தனம் குழைத்துப் பூசுகிறோம். எழுத்து மங்கிவருகிறது. ஒருவர் விலைக்கும் கேட்கிறார். என்ன செய்வது?
– வாசகர், பூதப்பாண்டி

பதில்: எழுத்து அழிந்துவிட்டதாக அஞ்ச வேண்டாம். ஏட்டில் எழுத்து எழுத்தாணியால் கீறப்பட்டது. கரி அந்தக் கீறலை நிரப்பியிருக்கிறது, அவ்வளவுதான். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் கரி போன இடத்திலும் கீறல் தெரியும். சந்தனத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதன் ஈரம் ஏட்டுக்குப் பகை, காய்ந்த பொடியோ கீறலை அடைத்துவிடும். பூவைப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டால் போதும். நம் பக்கத்தில் கிடைக்கும் புல்தைலத்தை, அதாவது எலுமிச்சைப்புல் எண்ணெயை, பஞ்சில் தொட்டு, முதலில் எழுத்தில்லாத ஓரம் ஒன்றில் தடவிப் பார்த்து, பிறகு மெல்லத் தடவலாம். ஏடு வளையும் தன்மை பெறும், பூச்சியும் அண்டாது. மையால் எழுதியதோ வண்ணப் படம் உள்ளதோ இருந்தால் தைலமும் கூடாது. ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியால் பிரிக்காதீர்கள். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் கட்டை எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள், வரிசை கலைந்தால் அதுதான் துணை.

விற்பனை பற்றி ஒரு சொல். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையும், அறிவியல், வரலாற்று, இலக்கிய அல்லது அழகியல் மதிப்பும் உள்ள சுவடி தொல்பொருளாகக் கொள்ளப்படும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விலை பேசுபவர் யாருக்காகப் பேசுகிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தை அணுகுவதே என் யோசனை. உங்கள் ஊருக்குப் பக்கத்து அழகியபாண்டியபுரத்தில் முதலியார் வீட்டில் கிடந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிப் படித்திராவிட்டால், நாஞ்சில் நாட்டின் பழைய நிர்வாகம் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும்.

கேள்வி: கன்னியாகுமரி அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புகளைப் பார்த்தேன். என் அப்பா பல ஆண்டுகளுக்கு முன் கரையில் கண்டெடுத்த பெரிய முதுகெலும்புத் துண்டு ஒன்றை வீட்டில் முக்காலிபோலப் பயன்படுத்துகிறோம். அதுவும் திமிங்கலமா? கொடுத்துவிடலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: உட்காரும் அளவுக்கு அகலமும், கடற்பஞ்சுபோல் நுண்துளைகளும் இருந்தால் திமிங்கலமாகவே இருக்கலாம். ஆனால் 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலம் இடம்பெற்றிருப்பதால், அதன் எலும்பை வீட்டில் வைத்திருப்பதும், நீங்களே எடுத்துக்கொண்டு போவதும் சிக்கலில் முடியலாம். முதலில் வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அதுவரை யாரும் அதன்மேல் உட்கார வேண்டாம்.